விளம்பரத்தில் வந்த அந்த ‘ஒரு நபர்’

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு டிராவல்ஸ் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். சிங்கப்பூர் – மலேசியா, 6 இரவு 7 பகல், ஒரு நபருக்கு 79,999 ரூபாய். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். பஸ் அம்மாபேட்டை வந்து சேர்வதற்குள் மனசுக்குள்ளேயே பெருக்கிவிட்டேன், நாலு லட்சம். போய்வந்த பிறகு நோட்டைப் பிரித்துக் கூட்டினால் ஐந்தரை லட்சம் வருகிறது. இதில் வாங்கிய சாமான் எதுவும் சேரவில்லை.

எங்கே போனது அந்த ஒன்றரை லட்சம் என்று உட்கார்ந்து தேடியதைத்தான் எழுதுகிறேன். யாரும் ஏமாற்றவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாமே அவர்கள் கொடுத்த தாளில் சின்ன எழுத்தில் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஹார்டுவேர் கடை. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், ஆரி வேலையும் எடுப்பேன். 2018 மே மாதம் இதே சிங்கப்பூர் – மலேசியாவுக்கு ஒரு தடவை போயிருக்கிறோம். அப்போது மகளுக்கு ஆறு வயசு, மகனுக்கு ஒரு வயசு. நாலு பேருக்கும் சேர்த்து 1,60,000-க்குள் முடிந்தது. அத்தை, அதாவது என் மாமியார், அப்போது வரவில்லை. “அடுத்த தடவை வர்றேன் கண்ணு, நீங்க போயிட்டு வாங்க” என்றார். அந்த அடுத்த தடவை வருவதற்கு ஏழு வருஷம் ஆகிவிட்டது. 2025 மே.

டிராவல்ஸ் கடையில் அந்தப் பையன் பொறுமையாகத்தான் விளக்கினான். பேனரில் உள்ள விலை இரண்டு பேர் ஒரு அறையில் தங்கும் கணக்கு. அதுவும் பள்ளிக்கூடம் நடக்கிற மாதத்துக்கு. மே மாதம் போனால் தலைக்கு 8,000 சீசன் கட்டணம். மகளுக்குப் பதிமூன்று வயசு, பன்னிரண்டைத் தாண்டினால் பெரியவர் கணக்கு. ஆகவே பெரியவர்கள் நாலு பேர், ஆளுக்கு 88,000. மகனுக்கு எட்டு வயசு. தனிக் கட்டில் வேண்டுமா, அப்பா அம்மாவோடு படுத்துக்கொள்வானா என்று கேட்டான். கட்டில் வேண்டும் என்றால் 76,000. வேண்டாம் என்றால் கொஞ்சம் குறையும், ஆனால் விமான டிக்கெட் ஏறக்குறைய முழு விலைதான். 2018-ல் இவன் என் மடியில் உட்கார்ந்து வந்தவன். இரண்டு வயசு ஆகாத குழந்தைக்குத் தனி சீட் கிடையாது, கட்டணமும் சொற்பம். இரண்டு முடிந்துவிட்டால் சீட், சீட்டுக்குக் காசு.

4,28,000 வந்தது. பேனரில் சொன்ன அந்த ‘ஒரு நபர்’ எங்கள் வீட்டில் யாருமே இல்லை. அவர் மே மாதம் போகாதவர், சரியாக இன்னொருவரோடு அறையைப் பங்கு போடுபவர், மதியம் பசிக்காதவர்.

அப்புறம் வரி. 5 சதவீதம் ஜிஎஸ்டி, 21,400. அது சேர்ந்த மொத்தத்தின் மேல் இன்னொரு 5 சதவீதம், டிசிஎஸ் என்று 22,470. இந்த இரண்டாவதை நாங்கள் 2018-ல் பார்த்ததே இல்லை. 2020 அக்டோபரில்தான் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். ஜிஎஸ்டி போனால் போனதுதான். டிசிஎஸ் அப்படியில்லை, நம் வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே பிடித்து வைக்கிற பணம். ரிட்டர்ன் போட்டால் வரியில் கழியும், வரியே இல்லை என்றால் திரும்பி வரும்.

இங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். பணம் என் கணக்கிலிருந்து போகிறதே என்று என் பான் எண்ணைக் கொடுத்துவிட்டேன். எனக்கு வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லை, அதுவரை ரிட்டர்னே போட்டதில்லை. வீட்டுக்காரர் வருஷா வருஷம் வரி கட்டுகிறவர். புக்கிங்கும் பணமும் பானும் அவர் பெயரில் இருந்திருந்தால் அவருடைய வரியில் நேராகக் கழித்திருக்கலாம். என் பெயரில் ஏறியதால் அதைத் திரும்ப வாங்குவதற்கென்றே நான் ரிட்டர்ன் போட வேண்டியதாயிற்று. ஆடிட்டர் ஆபீஸில் அதற்கு ஆயிரம் ரூபாய்.

இன்னொன்று, நாங்கள் இரண்டு தவணையாகக் கட்டினோம். மார்ச்சில் கட்டிய 2,10,000-ல் 10,000 டிசிஎஸ், மீதி 12,470 ஏப்ரலில் கட்டியதில். நடுவில் மார்ச் 31 வந்துவிட்டது. மார்ச்சில் பிடித்ததை 2025-லேயே ரிட்டர்ன் போட்டு வாங்கிவிட்டேன். ஏப்ரலில் பிடித்தது அடுத்த நிதியாண்டுக் கணக்கு, 2026 ஏப்ரல் தாண்டித்தான் கேட்க முடியும். மே மாதப் பயணத்துக்கு மொத்தப் பணத்தையும் மார்ச்சிலேயே கட்டினால் ஒரு வருஷம் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். ஆனால் பயணம் ரத்தானால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளக்காரர்கள் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். 2024 அக்டோபரிலிருந்து டிசிஎஸ் விவரத்தை அலுவலகத்தில் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கிற வரியிலேயே சரிக்கட்டிவிடுவார்கள்.

இந்த 2026 பட்ஜெட்டில் பேக்கேஜுக்கான டிசிஎஸ்ஸை ஏப்ரல் முதல் 2 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு வருஷம் தள்ளி வந்த நல்ல செய்தி!

ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன், விலை ஏற்றத்தில் பாதிக்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2018 மே மாதம் சிங்கப்பூர் டாலர் 50 ரூபாய். 2025 மே மாதம் 66. அங்கே ஹோட்டல்காரர் ஒரு காசு ஏற்றாமல் அதே 1,000 டாலர் வாங்கினாலும் நமக்கு 50,000 என்பது 66,000. ஆனால் அங்கேயும் ஏற்றித்தான் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் அவர்களுடைய ஜிஎஸ்டி 2018-ல் 7 சதவீதமாக இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து 9. மலேசிய ரிங்கிட் 17-லிருந்து 20. அங்கே விலை ஏறியது, இங்கே பிள்ளைகள் வளர்ந்தார்கள், நடுவில் ரூபாய் தேய்ந்தது. மூன்றும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டன.

பேப்பரில் 66 என்று பார்த்துவிட்டுப் போனால், டாலர் மாற்றுகிற கடையில் 67.50 சொன்னார்கள். இரண்டு மூன்று இடத்தில் கேட்ட பிறகு 66.90-க்கு வாங்கினோம். 1,000 டாலருக்கு 600 ரூபாய் மிச்சம், அரை நாள் அலைச்சல்.

பணத்துக்கு என்ன செய்தோம் என்றால், நான் கட்டிக்கொண்டிருந்த 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டை எடுத்தேன். ஏப்ரலில் எல்லோருக்கும் பணம் வேண்டும், போட்டி பலமாக இருந்தது. 60,000 தள்ளிக் கையில் 4,40,000 வந்தது. அந்தத் தள்ளுபடியில் கொஞ்சம் கழிவாக மாதா மாதம் எனக்கும் திரும்பி வரும், சரி. ஆனாலும் அந்த நஷ்டத்தை நான் டூர் செலவில் எழுதவே இல்லை. சேர்த்து எழுதினால் ஐந்தரை லட்சமும் பொய்தான். சீட்டு எடுத்தோ தனிநபர் கடன் வாங்கியோ போகிறவர்கள் அந்த வட்டியை ஆறாவது ஆளாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கும் டிக்கெட் உண்டு.

விசா, காப்பீடு என்று இன்னும் 22,000. மலேசியாவுக்கு நமக்கு விசா வேண்டாம், 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை இலவசமாக விடுகிறார்கள், 2026 கடைசி வரை. சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். அத்தைக்கு 67 வயசு, காப்பீட்டில் அவருக்கு மட்டும் எங்கள் இரண்டு பேருடையதைவிடக் கூட.

பேக்கேஜ் சென்னையிலிருந்து கிளம்புவது. இதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, அதுவும் தப்பு. அத்தையின் முழங்காலையும் ஐந்து பெட்டியையும் வைத்துக்கொண்டு ரயிலில் போக முடியாது என்று கார் பேசினோம், போக வர 18,000. திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேர் விமானம் இருக்கிறது. நாமக்கல், முசிறி வழியாகப் போனால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. சென்னைக்கு ஆறு மணி நேரம், அதற்கு மேல் நெரிசல். ‘திருச்சியிலிருந்து கிளம்பினால் என்ன விலை’ என்ற ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை.

ராத்திரி வாழப்பாடி தாண்டி ஏத்தாப்பூர் பக்கம் வரும்போது முத்துமலை முருகன் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தார். அத்தை காருக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, “பத்திரமா கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வா சாமி” என்றார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் எல்லையில் சண்டை என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ரத்து செய்துவிடலாமா என்று வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. அப்போதுதான் ரத்து விதியையே எடுத்துப் படித்தோம். 15 நாளுக்குள் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. கையெழுத்துப் போட்டபோது அந்தப் பக்கத்தை நான் புரட்டக்கூட இல்லை.

சிங்கப்பூரில் காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் பேக்கேஜில் வந்தது. மதியம் நம் செலவு. முதல் நாள் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு நம்ம ஊர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். ஐந்து பேர் சாப்பிட்டு பில் 40 டாலர். அத்தை கேட்டார், “எவ்வளவு கண்ணு?” நாற்பது என்றேன். “நம்ம காசுல சொல்லு.” நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொல்லிவிட்டான், “2,640 ஆத்தா!” அன்றைக்கு அவன் 66-ஆம் வாய்ப்பாட்டைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு பயணம் முடிகிறவரை அவன்தான் கணக்குப்பிள்ளை. தண்ணீர் பாட்டில், கழிப்பறை பக்கத்துக் கடையில் இருந்த மாங்காய்த் துண்டு, மோனோரயில், எதைக் கேட்டாலும் பெருக்கிச் சொல்வான். அத்தை மாங்காய்த் துண்டின் விலையைக் கேட்டுவிட்டு, “சேலத்துக்காரி மாங்காய்க்கு இவ்வளவு குடுத்தான்னு தெரிஞ்சா ஊர்ல சிரிப்பாங்க” என்று வைத்துவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து பெட்டியில் இருந்த தட்டுவடையும் புளியோதரைப் பொடியும் வெளியே வந்தன. ஆனாலும் ஆறு மத்தியானத்துக்கு 16,000 ஆகிவிட்டது. பேக்கேஜில் மதியச் சாப்பாடு இல்லை என்றால், தலைக்கு 8 டாலர் என்று எழுதிவைத்துக்கொண்டு தொகையைக் கூட்டிப் பாருங்கள்.

ஓட்டுநருக்கும் கைடுக்கும் டிப்ஸ் நாளைக்குத் தலைக்கு 3 டாலர், கட்டாயம். மகனுக்கும் உண்டு. அதில் 6,000 ரூபாய். கோலாலம்பூர் ஹோட்டலில் சாவி கொடுக்கும் முன் சுற்றுலா வரி என்று கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். அரசாங்க வரி, 2017-லிருந்து இருக்கிறது, பேக்கேஜ் தாளில் ‘சேராதவை’ என்ற தலைப்பில் கடைசி வரியில் இருந்தது. இரண்டு அறை, மூன்று இரவு, 1,200 ரூபாய். பணம் பெரிதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் ரிங்கிட் இல்லாமல் கவுண்டரில் நின்றதுதான் எரிச்சல்.

பெரிய ஏமாற்றம் பிள்ளைகளுக்கு, யுனிவர்சல் ஸ்டூடியோஸில். பேனரில் அந்த உலக உருண்டைப் படம்தான் பெரிதாக இருந்தது. பேக்கேஜில் இருந்தது அந்த உருண்டைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள 30 நிமிடம். தாளில் ‘போட்டோ ஸ்டாப்’ என்று எழுதியிருந்ததை நான் என்னவோ உள்ளே போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மகள் ஒன்றும் சொல்லாமல் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் ஓய்வு நாள், அவரையும் பிள்ளைகளையும் மட்டும் டிக்கெட் எடுத்து அனுப்பினேன். மூன்று பேருக்கு ஏறக்குறைய 15,000. அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா என்று மெஷின் கேட்டிருக்கிறது. அவர் நம்ம காசுதானே என்று ரூபாயை அமுக்கிவிட்டார். அப்படி அமுக்கினால் அந்த மெஷின்காரர்கள் வைத்ததுதான் விலை. அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதும் சாதாரண கிரெடிட் கார்டில் மூன்றரை சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், ஆனாலும் அது தெரிந்த நஷ்டம்.

பேக்கேஜ் தாளை வாங்கியதும் ‘சேர்ந்தவை’ பகுதியைப் படிக்காதீர்கள், அதில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ‘சேராதவை’ பகுதியை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ரூபாயில் எவ்வளவு என்று அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இடங்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘உள்ளே’ அல்லது ‘வெளியே’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் நான் இனிமேல் புக் பண்ண மாட்டேன்.

சாக்லேட் கடை, தோல் சாமான் கடை என்று கைடு கூட்டிப்போன இடங்களில் மொத்தம் மூன்று மணி நேரம் போனது. அந்த நேரமும் நாம் காசு கொடுத்து வாங்கியதுதான்.

மலேசியாவில் கெந்திங் மலைக்குக் கேபிள் காரில் போனோம். மேலே ஒரே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஏற்காடு மாதிரித்தான் இருக்குது. இருபது வளைவு சுத்தாம வந்துட்டோம், அவ்வளவுதான்” என்றார். உயரம் கெந்திங் 1,800 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர், ரொம்ப வித்தியாசமில்லை. பத்துமலையில் 272 படி. முழங்காலால் ஏற முடியாமல் கீழேயே முருகன் சிலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு மலேசியத் தமிழம்மா, இது 140 அடி என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அத்தை விடுவாரா? “எங்க ஏத்தாப்பூர்ல 146 அடிங்க. பஸ்ல போனா முக்கா மணி நேரம்!” அந்த அம்மா போன் எண் எழுதிக் கொடுத்து, வந்தால் உங்கள் வீட்டில்தான் தங்குவேன் என்று சொல்லிப் போனார். ஐந்தரை லட்சத்தில் அத்தைக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்.

போன டிசம்பர் அரையாண்டு லீவில் நாமக்கல்லில் இருக்கும் என் தங்கச்சி குடும்பம் போனது. நாலு பேர். என் நோட்டை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு, சிங்கப்பூரை விட்டுவிட்டார்கள், மலேசியா மட்டும். ஆகஸ்டிலேயே திருச்சியிலிருந்து டிக்கெட், பெட்டி எடையோடு சேர்த்து 92,000. சமையலறை உள்ள அபார்ட்மென்ட் ஐந்து இரவுக்கு 25,000. தனியாக டிக்கெட், தனியாகத் தங்குமிடம் என்று வேறு வேறு இடத்தில் வாங்கியதால் அது டூர் பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ்ஸும் இல்லை. ஒரே ஆளிடம் டிக்கெட், ஹோட்டல் போன்றவற்றில் இரண்டையாவது சேர்த்து வாங்கினால்தான் அந்தக் கணக்கில் வரும். சாப்பாடு, ஊர் சுற்றல், திருச்சிக்குக் கார் எல்லாம் சேர்த்து 1,70,000-ல் முடிந்தது. அவர்கள் போகும்போது ரிங்கிட் 22 ரூபாய் ஆகியிருந்தும். அதே நாட்களுக்கு ஒரு டிராவல்ஸில் கேட்டபோது 2,30,000 சொன்னார்களாம். மலேசியாவுக்கு வருகைப் பதிவு ஒன்று, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் போட வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது இல்லை.

ஆனால் 60,000 மிச்சம் சும்மா வரவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி சின்னவளுக்கு வாந்தி, பேதி. நடுராத்திரி ஆஸ்பத்திரி எங்கே, காப்பீட்டுக்காரர் எண் எது என்று மாப்பிள்ளை தனியாகத் திணறியிருக்கிறார். எங்களுக்கு அத்தை பாஸ்போர்ட் பையை பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கியபோது, கைடு ஒரே போனில் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வயசானவர்கள் கூட வந்தால் நான் மறுபடியும் பேக்கேஜில்தான் போவேன். நாங்கள் நாலு பேர் மட்டும் என்றால் தங்கச்சி வழி.

போவேன் என்று சொல்வது இப்போதைக்குப் பேச்சுக்குத்தான். சீட்டு இன்னும் பதினொரு மாதம் பாக்கி இருக்கிறது. இந்த மேயில் ஏற்காடு கோடை விழா சமயத்தில் இரண்டு நாள் தங்கலாம் என்று கேட்டுப் பார்த்தோம், அங்கேயும் சனி ஞாயிறு வாடகை ஒரு விலை, திங்கள் செவ்வாய் ஒரு விலை. திங்கட்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அத்தை மாதம் தவறாமல் கேட்கிறார், “அந்தப் பன்னெண்டாயிரம் வந்துச்சா கண்ணு?” ஏப்ரல் போகட்டும் அத்தை, அதற்குப் பிறகுதான் எழுதிப் போட முடியும் என்கிறேன். மகன் பக்கத்திலிருந்து 66-ஆல் வகுத்து, 189 டாலர் என்கிறான். இப்போது டாலர் 66 இல்லை, எழுபதைத் தொட்டுவிட்டது என்று நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.